சலூன்காரர் வளர்த்த சைனீஸ் ப்ரோக்கோலி

முப்பத்தோரு வருடம் அடுத்தவர் தலையைப் பார்த்தே பிழைத்த மனிதரிடம், இனிமேல் வீட்டில் சும்மா உட்காருங்கள் என்று டாக்டர் சொன்னால் அவர் என்ன செய்வார்? முழங்கால் இரண்டும் தேய்ந்து, கடையை மூடிவிட்டு வந்த முதல் வாரமே சலூன்காரர் வாசல் மிதியடியின் பிசிறுகளைச் சமமாக வெட்டினார். அடுத்த வாரம் பாத்ரூம் பிரஷ்ஷுக்குக் கிராப் வெட்டினார். பிறகு துடைப்பத்தில் கை வைத்தார். அவர் வெட்டி முடித்த துடைப்பம் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. குப்பையைத்தான் அதனால் அள்ள முடியவில்லை.

தன் தலையை மட்டும் அவர் தொடவில்லை. கடையைக் காலி செய்தபோது கொண்டுவந்த ஆளுயரக் கண்ணாடியைப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அதை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. முடி காதை மூடிக் கழுத்தில் இறங்கியது. வெட்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், யார் பார்க்கப் போகிறார்கள் என்பார். பார்க்கிறவள் ஒருத்தி வீட்டிலேயே இருக்கிறாளே என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்த ஒருத்தியைத் தெருவில் எல்லோரும் தையலம்மா என்பார்கள். பொறுமைசாலி என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். திட்டுவதற்குக்கூட நேரமில்லாத அளவுக்கு வேலை, அவ்வளவுதான். அந்த வேலையை அவள் இருபத்திரண்டு வருடமாகச் செய்துவந்த இடம், அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் நடுவே இருந்த நடை. தையல் மெஷினைப் போட்டால் அங்கே மிஞ்சுவது ஒரு ஸ்டூல் அளவு இடம். வீட்டில் யாருக்காவது அவசரம் என்றால் அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எழுந்து, வயிற்றை உள்ளே இழுத்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அளவு கொடுக்க வருகிறவர்கள் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார்கள். பெரிய துணி வெட்டுவதெல்லாம் கட்டிலின் மேல்தான், குனிந்து, இடுப்பு ஒடிய.

ஒரு தடவை கல்யாணப் பெண் ஒருத்தியின் வெள்ளை கவுனைத் தரையில் விரித்து ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு வந்த மகாராஜா ஈரக்காலோடு அதன் மேலேயே நடந்து போனார். ஐந்து விரலும் அச்சாக விழுந்திருந்தது. அவள் துவைத்து, உலர்த்தி, தேய்த்துக் கொடுத்தும் பெண்ணின் அம்மா அப்புறம் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அன்றைக்கு அவள் அழுதாள். அழுது முடித்துப் பின்வாசலைத் திறந்து, துணி காயப்போடுகிற பன்னிரண்டடிக்குப் பத்தடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மேஜை, ஒரு ஜன்னல், சாத்திக்கொள்ள ஒரு கதவு. அவளுக்கு அது போதும்.

அவளுடைய அண்ணன் கொத்தனார். எங்கோ ஒரு பழைய ஆஸ்பத்திரியை இடித்தபோது நல்ல கதவு ஒன்று, ஜன்னல் ஒன்று, கூரைத் தகடு பத்து என்று தங்கைக்காக எடுத்து வைத்தார். இதோ தையல் ரூம் எழும்பிவிடும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்த சமயத்தில்தான் சலூன்காரருக்குத் தோட்டக் கிறுக்குப் பிடித்தது. தக்காளி போட்டார், அழுகியது. பீன்ஸ் போட்டார், நத்தைகள் குடும்பத்தோடு வந்து விருந்து சாப்பிட்டுப் போயின. சனி விட்டது என்று அவள் மூச்சு விடுவதற்குள், பழைய வாடிக்கையாளரான ஒரு கப்பல் சமையல்காரர் காகிதத்தில் மடித்து விதை கொண்டுவந்து கொடுத்தார். சைனீஸ் ப்ரோக்கோலி, குளிர் மாதத்தில் போடுங்கள், பிரமாதமாக வரும் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டார். எப்போது வெட்டுவது, எதைத் தின்பது என்கிற விவரமெல்லாம் அவரோடு கப்பலேறிவிட்டது.

ரூமா தோட்டமா என்று வீட்டில் நாள்தோறும் சண்டை. கடைசியில் அண்ணன் வந்து நடுவில் உட்கார்ந்து ஒரு வழி செய்தார். மூன்று மாதம் கழித்து அவருக்கு ஒரு வாரம் வேலை இல்லை. அந்த வாரம் தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவார். அன்றைக்குத் தோட்டத்துக் காய் மேஜைக்கு வந்துவிட்டால் மண் சலூன்காரருக்கு. தையலம்மா அதைப் பற்றி ஆயுசுக்கும் வாய் திறக்கக் கூடாது. வராவிட்டால் செடியைப் பிடுங்கிவிட்டு மறுநாளே சுவர் எழும்பும்.

"மூணு பேரும் வயிறார சாப்பிடற அளவுக்கு வரணும் மாப்ளே," என்றார் கொத்தனார். "நாலு இலையைக் கிள்ளிப் போட்டு ஏமாத்தக் கூடாது."

சலூன்காரர் தன் கத்தரிக்கோல் மேல் சத்தியம் செய்தார். அவருக்குத் தெரிந்த ப்ரோக்கோலி, மார்க்கெட்டில் பச்சையாக, உருண்டையாக, சுருட்டை முடி வைத்த தலை போல இருக்குமே, அதுதான். சைனீஸ் என்றால் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும் போல என்று எண்ணிக்கொண்டார்.

விதை ஐந்தாம் நாளே முளைத்தது. நாலு வரிசை, வரிசைக்குப் பத்து. இலைகள் நீலம் ஓடிய பச்சையில், எண்ணெய் தடவினாற்போல் பளபளத்தன. வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் வந்து முட்டையிட்டன. பச்சைப் புழுக்கள் கிளம்பின. மூக்கு முடி பிடுங்குகிற இடுக்கியால் சலூன்காரர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்தார். அசுவினிப் பூச்சி வந்தபோது கடையில் தலைக்குத் தண்ணீர் தெளிக்கிற புட்டியில் சோப்புத் தண்ணீரை ஊற்றி அடித்தார். தையலம்மா பின்வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டாள். மனுஷன் இந்தத் தடவை ஜெயித்துவிடுவார் போலிருக்கிறதே.

ஏழாவது வாரம் செடிகள் நடுவிலிருந்து தண்டை நீட்டின. நல்ல தடித்த தண்டு, நுனியில் குட்டிக் குட்டி மொட்டு. சலூன்காரருக்கு அது பிடிக்கவே இல்லை. கழுத்து வளர்ந்தால் தலை எங்கே திரளும் என்பது அவர் கணக்கு. இடது கையில் சீப்பும் வலது கையில் கத்தரியுமாக இறங்கினார். ஒவ்வொரு தண்டையும் சீப்பால் நிமிர்த்திப் பிடித்து, நாலு இலைக்கு மேலே ஒரே சாய்வாக வெட்டினார். கடையில் கிருதா எடுக்கிற அதே சாய்வு. கையோடு வந்த பழக்கம், மாற்றச் சொன்னாலும் மாறாது. வெட்டினதையெல்லாம் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, குப்பையில் கொட்டிவிடு என்று மனைவியிடம் கொடுத்தார். மூன்று நாளில் வெட்டின இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு தண்டு துளிர்த்தது. அதையும் வெட்டினார். இப்படித் தினமும் காலையில் தோட்டத்துக்கு முடிவெட்டு நடந்தது.

ஒரு வாரம் அவளும் சொன்னபடி குப்பையில்தான் கொட்டினாள். ஒரு நாள் நல்ல மழை. வீட்டில் வெங்காயமும் பூண்டும் தவிர ஒன்றுமில்லை. டின்னில் கிடந்த தண்டு ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். மொறுமொறுவென்று, லேசான இனிப்பு. சரி, செத்தாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாவோம் என்று பூண்டைத் தட்டிப் போட்டு, எண்ணெயில் சுர்ரென்று வதக்கி வைத்தாள். சலூன்காரர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். எங்கே வாங்கினாய் என்று கேட்டார். மார்க்கெட்டில் என்று சொல்லிவிட்டாள். யோசித்துச் சொன்ன பொய்யல்ல. குப்பைக்குப் போக வேண்டியதைத் தட்டில் வைத்தேன் என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள்?

மறுநாள் ஒரு தண்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு காய்கறிக்காரியிடம் காட்டினாள். காய்கறிக்காரி தன் கடையிலேயே அதைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தாள்.

"சைனீஸ் ப்ரோக்கோலிதான் இது. இதுக்கு உருண்டையெல்லாம் வராது. மொட்டு விரியறதுக்கு முன்னால தண்டோட வெட்டிடணும். வெட்ட வெட்ட வந்துட்டே இருக்கும்," என்றாள். பிறகு வெட்டின நுனியை விரலால் தடவிப் பார்த்தாள். "யாரு வெட்டினது? நல்ல கை."

தையலம்மா வீட்டுக்கு நடந்து வந்த வழியெல்லாம் அந்த 'நல்ல கை' காதில் கேட்டுக்கொண்டே வந்தது. அப்படியானால் அவர் ஜெயித்தாயிற்று. ஜெயித்ததை நேற்று மென்று விழுங்கியும் ஆயிற்று. அவருக்கு மட்டும் அது தெரியாது. இவள் வாயைத் திறந்தால் மண் போய்விடும். இன்னும் இருபத்திரண்டு வருடம் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். திறக்காவிட்டால் ரூம். வீட்டு வாசலை மிதிக்கும்போது முடிவு செய்துவிட்டாள். மூச்சு விடுவதில்லை.

அதற்கு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட நியாயங்களைக் கேட்டால் வக்கீல்கள் கெட்டார்கள். தோட்டத்துக் காய் மேஜைக்கு வர வேண்டும் என்றுதானே பேச்சு, அதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? அவர் வெட்டியதோ குப்பை என்று. குப்பையைச் சமைத்தது யார்? அந்தக் கவுனுக்கு அவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாரா? இத்தனை நியாயத்தையும் தண்டோடு சேர்த்துப் பொடிப்பொடியாக நறுக்கினாள். அடையாளம் தெரிந்துவிடக் கூடாதே. தினமும் மதியம் அதே காய். அவர் தினமும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மார்க்கெட் காய் என்றால் மார்க்கெட் காய்தான், நம்மால் இப்படி வளர்க்க முடியுமா என்று பெருமூச்சு வேறு விட்டார். அவள் தன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

தலை மட்டும் வரவே இல்லை. சலூன்காரர் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு செடியின் நடுவிலும் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். நாற்பதையும் பார்த்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பேச்சுக் குறைந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வளைய வந்தார். ஒரு நாள் காலை டின்னை நீட்டும்போது அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"முப்பத்தோரு வருஷத்துல எத்தனை ஆயிரம் தலையைத் தொட்டிருப்பேன். எனக்குன்னு ஒண்ணுகூட வரலை பாரு."

அவள் டின்னை வாங்கிக் கீழே வைத்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தே விட்டாள். அதற்குள் அவர் பாத்ரூமுக்குப் போகிற அவசரத்தில் மெஷினை இடித்து, குண்டூசி டப்பாவைத் தட்டி, இருநூறு ஊசியையும் நடையெங்கும் இறைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தரையில் முழங்காலிட்டு ஊசி பொறுக்கியபோது, சொல்ல வந்ததும் எங்கோ போய்விட்டது.

அண்ணன் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்குப் பதினோரு நாள் முன்னால் ஒரு புதன்கிழமை. நர்ஸ்களின் யூனிஃபார்ம் பன்னிரண்டை அன்றே கொடுத்தாக வேண்டும். நறுக்க நேரமில்லாமல் தண்டை முழுசாகவே வாணலியில் போட்டுப் புரட்டி வைத்துவிட்டாள். சலூன்காரர் ஒரு தண்டை எடுத்து, அதன் நுனியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் ஏக்கத்தில் சாப்பாட்டைக்கூட வெறித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று இவளுக்குப் பரிதாபமாக இருந்தது. அவர் மெதுவாகச் சாப்பிட்டு முடித்து, கல்யாணமான நாளாக இல்லாத புதுமையாகத் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார்.

அதுவரை தண்டோடு கலந்து கிடந்த பழுத்த இலை, அதற்குப் பிறகு டின்னில் வருவது நின்றது. தண்டுகள் ஒரே நீளத்தில், நுனியெல்லாம் ஒரு பக்கமாக அடுக்கி வந்தன. குப்பைக்குப் போவதை இப்படி யார் அடுக்குவார்கள் என்று ஒரு நாள் அவள் நினைத்தாள். துடைப்பத்தை வெட்டின மனுஷன்தானே என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அண்ணன் வண்டியில் கதவையும் ஜன்னலையும் ஏற்றிக்கொண்டு பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சலூன்காரர் காலையிலேயே தோட்டத்தில் இறங்கி, நாற்பது செடியையும் கடைசி முறையாக வெட்டினார். சாயங்காலம் நானே பிடுங்கிவிடுகிறேன் என்று சொல்லி டின்னை அவள் கையில் வைத்தார். மூடி மூட முடியாத அளவுக்கு நிரம்பியிருந்தது. இதற்கு முன் அவ்வளவு வந்ததே இல்லை. மூன்று பேர் வயிறாரச் சாப்பிடலாம்.

அவள் டின்னோடு குப்பைத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். இன்றைக்கு ஒரு வேளை இதைக் கொட்டிவிட்டு உருளைக்கிழங்கை வேக வைத்தால் முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. மூடியைக் காலால் மிதித்துத் திறந்தாள். டின்னைச் சாய்க்கக் கை வரவில்லை. அத்தனை தண்டும் ஒரே அளவு, ஒரே சாய்வு, ஒன்றுகூடப் பிசகவில்லை. இருபத்திரண்டு வருடம் ஓரம் மடித்துத் தைத்தவளுக்கு, ஒழுங்காகச் செய்த வேலையைப் பார்த்தால் தெரியாதா? அதைத் தொட்டியில் போட்டால் அந்தக் கவுன் மேல் நடந்தவருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. தன்னையே ஒரு பாட்டம் திட்டிக்கொண்டு பூண்டை உரிக்க உட்கார்ந்தாள். நறுக்காமல் முழுசாகவே வதக்கினாள். சமைப்பதுதானே, சொன்னால்தானே தோற்பது என்று அப்போதும் மனசின் ஒரு மூலையில் வக்கீல் வாதம் பேசிக்கொண்டிருந்தாள்.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கொத்தனார் அளக்கிற டேப்பை மேஜை மேலேயே வைத்திருந்தார். பழைய ஆஸ்பத்திரிக் கதவு பின்புறம் சுவரில் சாய்ந்திருந்தது. கொத்தனார் காயை ஒரு வாய் வைத்தார், இன்னொரு வாய் வைத்தார், பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூன்றாம் தடவை போட்டுக்கொள்ளும்போது, இது என்ன காய், எங்கே வாங்கினது என்று கேட்டார்.

சலூன்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவளைக் கேளுங்க மச்சான்," என்றார்.

தையலம்மா பரிமாறின கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டாள். மார்க்கெட்டில் என்று ஒரு வார்த்தை. ஐந்து வாரமாகத் தடங்கலில்லாமல் வந்த வார்த்தைதான். ஜன்னல் வழியாக அந்தக் கதவு தெரிந்தது. நல்ல கதவு. இனி அது வேறு யார் வீட்டுக்கோ போகும்.

"வாங்கலைண்ணா," என்றாள். "இது அவர் போட்டது. வெட்டி வெட்டி எறியறாரே, அதுதான் காய். அஞ்சு வாரமா இதைத்தான் ரெண்டு பேரும் சாப்பிடறோம். எனக்கு அந்த ரூம் வேணும்னு நான்தான் வாயைத் திறக்கலை. அவர் எப்பவோ ஜெயிச்சுட்டார்."

கொத்தனார் மெல்வதை நிறுத்தினார். சலூன்காரர் தட்டிலிருந்து ஒரு தண்டை இரண்டு விரலால் எடுத்து, வெட்டின நுனியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"முப்பத்தோரு வருஷம் கிருதா எடுத்தவன் நான். என் வெட்டு எனக்குத் தெரியாதா?"

அந்தப் புதன்கிழமையே தெரியும் என்றார். அடுத்த நாள் காய்கறிக்காரியிடம் போய் விசாரித்ததையும், உங்கள் வீட்டம்மா போன மாதமே வந்து கேட்டுவிட்டுப் போனாரே என்று அவள் சொன்னதையும் நிதானமாகச் சொன்னார். டின்னில் பழுத்த இலையைப் போடாமல் நிறுத்தியதும் அன்றிலிருந்துதான்.

ஒரு நொடி முன்னால் வரை தையலம்மா குற்றவாளி. இப்போது அதெல்லாம் பறந்துபோய்ப் பழைய தையலம்மா திரும்பி வந்தாள். தெரிந்துகொண்டேவா பதினோரு நாள் அந்த வாளி மேல் இழவு விழுந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தீர்கள், நான் இங்கே சாப்பிடவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் செத்துக்கொண்டிருந்தேனே என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். முதலில் உட்கார்ந்ததெல்லாம் நிஜம், கடைசிப் பதினோரு நாள் மட்டும்தான் நடிப்பு என்று அவர் கணக்குச் சொன்னார். நன்றாக இருந்ததா என்றும் கேட்டுவைத்தார். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கச் சொல்லிக் கொத்தனார் கெஞ்ச வேண்டியதாயிற்று.

அவள் மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் சலூன்காரர் பேசினார்.

"நீயா சொல்றியான்னு பாத்தேன். சொல்லலைன்னா ரூமைக் கட்டிக்கன்னு பேசாம இருந்திருப்பேன். நீ சொல்லிட்ட. மச்சான் முன்னால நான் ஜெயிச்சேன்னு சொல்லிட்ட. கடையை மூடினதுலருந்து எனக்கு அது ஒண்ணுதான் வேண்டியிருந்துச்சு." தட்டைத் தள்ளி வைத்தார். "நீங்க டேப்பை எடுங்க மச்சான். சுவரோரம் ரெண்டடி எனக்கு விட்டுட்டு மிச்சத்தை அளங்க. ஒரு வரிசை போதும், அதுவே வெட்ட வெட்ட வருதே."

தையலம்மாவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம், அந்தப் பதினோரு நாளுக்கான கோபம் இன்னும் முழுசாக ஆறாமல் ஒரு பக்கம். பாத்திரத்தில் மீதியிருந்த காயை எடுத்து அவர் தட்டில் போட்டாள். அவர் அதையும் சாப்பிட்டார்.

கை கழுவியதும் சலூன்காரர் படுக்கையறைக்குள் போய், ஒரு கை பிடியுங்கள் என்று மச்சானைக் கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்ற ஆளுயரக் கண்ணாடியை இருவருமாகத் தூக்கிக்கொண்டு, நடையில் மெஷினை இடிக்காமல் பக்கவாட்டில் நகர்ந்து பின்புறம் கொண்டுவந்தார்கள். துணி போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்கு ஃப்ரிட்ஜ் கதவிலா முகம் தெரியும் என்று கேட்டார் சலூன்காரர். கேட்டுக்கொண்டே கண்ணாடியை ஆஸ்பத்திரிக் கதவில் சாய்த்து, முன்பக்கம் திருப்பினார்.

திருப்பினவர் அப்படியே நின்றுவிட்டார். வெயிலில், ப்ரோக்கோலி வரிசைக்கு நடுவில், காதும் கழுத்தும் தெரியாமல் முடி வளர்ந்த ஒரு ஆள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சலூன்காரர் கையைத் தூக்கித் தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கத்தரியை எடுத்து ஒரு கற்றையை வெட்டினார். கத்தரி வெட்டவில்லை; முடியை மென்றது. ஆறு வாரம் தண்டு வெட்டிக் கூர் மழுங்கிப் போயிருந்தது.

தையலம்மாவின் துணிக் கத்தரியை இருபத்திரண்டு வருடத்தில் யாரும் தொட்டதில்லை. அதில் ஒரு காகிதம் வெட்டக்கூட விட மாட்டாள். அவள் உள்ளே போய் அதை எடுத்துக்கொண்டு வந்தாள். அவரைத் தோளைப் பிடித்து வாளி மேல் உட்கார வைத்து, வெள்ளை லைனிங் துணி ஒன்றைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுப் பின்னால் ஊசி குத்தினாள். கொத்தனார் டேப்பை விரித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

"கிருதாவைச் சாய்வா எடுக்கணும்," என்றார் சலூன்காரர், கண்ணாடிக்குள் அவளைப் பார்த்து.

"பேசாம இருங்க," என்றாள். "எனக்குப் பொடியா நறுக்கித்தான் பழக்கம்."

ஆனால் கத்தரியைச் சாய்த்துத்தான் பிடித்தாள். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று அவரைக் கேட்கவில்லை. அந்தச் சாய்வைத்தான் அவள் ஐந்து வாரமாக டின்னில் பார்த்துக்கொண்டிருந்தாள்.